ஆறு போதும் என்ற இடத்தில் ஏழு

1999 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் ஓப்பன் சாம்பியன்ஷிப் கோல்ஃப் போட்டியின் கடைசி ஹோல். டீயில், அதாவது ஹோலின் தொடக்கத்தில், நிற்கும் பிரெஞ்சுக்காரர் ஜான் வான் டி வெல்ட் மூன்று அடி (பந்தை அடிக்கும் அடி) முன்னிலையில் இருக்கிறார். ஹோல் பார் 4, அதாவது நான்கு அடியில் முடிப்பது இயல்பு; நீளம் 487 யார்டு. நான்கு வேண்டாம், ஐந்து வேண்டாம், ஆறு அடியில் முடித்தால் போதும், கோப்பை அவருடையது. அவர் ஏழு எடுத்தார். பிறகு சமநிலையை முறிக்க நடந்த ப்ளேஆஃபில் தோற்றார்.

கோல்ஃப் பக்கமே போகாதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஓடைத் தண்ணீரில் இடுப்பில் கை வைத்தபடி ஓர் ஆட்டக்காரர் நிற்பார். அந்தப் படத்துக்குக் கீழே வழக்கமாக எழுதப்படும் விளக்கம் ஒன்றுதான்: பதற்றத்தில் புத்தி பேதலித்துவிட்டது. அந்த ஹோலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க அந்த விளக்கத்தின்மேல் நம்பிக்கை போய்க்கொண்டே இருக்கிறது. அந்த மனிதர் பதறியதாக எனக்குத் தெரியவில்லை. அவர் செய்யத் தவறியது ஒரு கணக்கு. மிகச் சின்ன கணக்கு. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

உள்ளே போவதற்கு முன் ஒரு சொல் பிரச்சினை. தமிழில் 'முடிவு' என்றால் நாம் எடுப்பதும் அதுதான், கடைசியில் வந்து சேர்வதும் அதுதான். அன்றாடப் பேச்சுக்கு இது வசதி. கோல்ஃபை அலசுவதற்கு இது ஆபத்து. பந்து ஓடையில் விழுந்தால் 'முடிவு தப்பு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம், எந்த முடிவு என்று கேட்க மாட்டோம். அதனால் இங்கே அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு, ஆட்டக்காரர் எடுப்பதைத் தீர்மானம் என்றும், பந்துக்கு நேர்வதை விளைவு என்றும் எழுதுகிறேன். அந்தப் பதினெட்டாவது ஹோலில் இரண்டும் அடிக்கடி வேறு வேறு திசையில் போயின.

மைதானமும் அந்த வாரமும்

கார்னூஸ்டி எப்போதுமே கடினம்தான். அந்த ஆண்டு இன்னும் கடினம். புல் வெட்டிய பாதைகளான ஃபேர்வேக்கள் குறுகலாக இருந்தன, அவற்றின் ஓரத்து ரஃப் புல் அடர்ந்து வளர்ந்திருந்தது, காற்று வேறு. இரண்டு சுற்றுக்குப் பிறகு பாருக்கு மேல் 12 எடுத்தவர்களும் 'கட்' எல்லையைத் தாண்டி, கடைசி இரண்டு நாள் ஆடத் தகுதி பெற்றார்கள். பத்தொன்பது வயது செர்ஜியோ கார்சியா முதல் நாள் 89 எடுத்தார். முதல் நாள் 71 எடுத்து முன்னிலை வகித்த ராட் பேம்ப்ளிங் மறுநாள் 86 எடுத்து வெளியேறினார். அப்படிப்பட்ட வாரத்தில் வான் டி வெல்ட் 75, 68, 70 என்று ஆடி, கடைசி நாளை ஐந்து அடி முன்னிலையோடு தொடங்கினார். 1907இல் அர்னோ மாஸி வென்றதற்குப் பிறகு எந்த பிரெஞ்சுக்காரரும் ஆண்களுக்கான ஒரு மேஜரை, அதாவது நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை, வென்றதில்லை.

பதினெட்டாவது ஹோலின் வில்லன் பாரி பர்ன் என்ற ஓடை. 'பர்ன்' என்றால் ஸ்காட்லாந்தில் ஓடை. இது பாம்பு போல வளைந்து 17, 18 இரண்டு ஹோல்களையும் சுற்றிச் சுற்றிப் போகிறது. 18இல் டீ அடி போய் விழும் இடத்துக்கு வலப்புறம் ஒரு வளைவு. அப்புறம் குழி இருக்கும் வழவழப்பான கிரீனுக்கு முன்னால் குறுக்கே ஒருமுறை, கல் சுவரோடு. இடப்புறம் எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் பெனால்டியோடு மறுபடி டீயிலிருந்தே அடிக்க வேண்டும். ஆக இடது பக்கம் பெரிய தண்டனை, வலது பக்கம் தண்ணீர், முன்னால் தண்ணீர். அன்று ஜஸ்டின் லெனர்டும் இந்த ஹோலில் இரண்டாவது அடியை இதே ஓடையில் போட்டு போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) எடுத்திருந்தார். லெனர்ட் 1997இல் ஓப்பன் வென்றவர். அதாவது ஓடை ஆள் பார்த்து விழுங்குவதில்லை.

ஏழு அடிகள், ஒவ்வொன்றாக

முதல் அடி: டிரைவர், பந்தை மிகத் தொலைவு அனுப்பும் கிளப் (மட்டை). பந்து வலது பக்கம் வெகுதூரம் விலகிப் போனது. ஓடையில் விழ வேண்டிய பந்து, அவ்வளவு தூரம் விலகியதாலேயே ஓடையின் வளைவைத் தாண்டி, 17ஆவது ஹோலைச் சேர்ந்த நிலத்துண்டில் காய்ந்த தரையில் உட்கார்ந்தது.

இங்கே தீர்மானம் மோசம், விளைவு நல்லது. எந்த ஆட்டக்காரருக்கும் இடம் வலமாக அதிகம் சிதறுவது டிரைவர் அடிதான். உலகத்தரமான வீரர்களுக்குக்கூட அந்தச் சிதறலின் அகலம் பெரும்பாலான ஃபேர்வேக்களைவிட அதிகம். ஆறு அடி கையில் இருப்பவருக்கு டிரைவர் வாங்கித் தரும் கூடுதல் தூரத்தால் என்ன பயன்? நடுத்தர தூரத்துக்கான அயர்ன் கிளப்பால் மூன்று அடி தட்டித் தட்டிப் போனாலே கிரீன் வந்துவிடும். அதற்குப் பிறகு மூன்று பட் (கிரீனில் பந்தைக் குழிக்குள் தட்டும் அடி). கணக்கு சரி.

அவர் தரப்பையும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க துணிந்து ஆடித்தான் அவர் முன்னிலைக்கு வந்தார். கடைசி ஹோலில் திடீரென்று பம்மி ஆடத் தொடங்கினால் உடம்பு இறுகிவிடும், பழக்கமில்லாத அடியே பழுதாகிவிடும் என்று பல வீரர்கள் நம்புகிறார்கள். பயந்து ஆடித் தோற்றவர்களும் நிறையப் பேர் உண்டு. அந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அது ஆட்டத்தின் பாணியைப் பற்றிய வாதம். இங்கே மாறியிருந்தது பாணியல்ல, இலக்கு. முதல் எழுபத்தொரு ஹோல்களில் குறைந்த அடியில் முடிப்பது இலக்கு. எழுபத்திரண்டாவதில் ஆறைத் தாண்டாமல் இருப்பது மட்டும்தான் இலக்கு. துணிச்சலான ஆட்டக்காரர் அயர்னையும் துணிச்சலாகவே அடிக்கலாம்.

அந்த அதிர்ஷ்டம்தான் அவருக்கு எதிரியாயிற்று என்று சில சமயம் தோன்றுகிறது. பந்து ஓடையில் விழுந்திருந்தால் அங்கேயே கணக்கு மாறியிருக்கும், கட்டாயமாக நின்று யோசித்திருப்பார். காய்ந்த தரை எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது அடி: கிரீனுக்கு ஏறக்குறைய 190 யார்டு. குறைந்த தூரத்துக்கான வெட்ஜை எடுத்துக் குறுக்கு ஓடைக்கு முன்னால் ஃபேர்வேயில் பந்தைப் போட்டிருக்கலாம். அவர் தொலைவாக அடிக்கும் 2 அயர்ன் எடுத்தார். உலகம் அவரை இன்றுவரை திட்டுவது இந்த அடிக்காகத்தான். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அந்த 2 அயர்ன் சரியாகப் போனால் கிரீன், இரண்டு அடியில். வலது பக்கம் விலகினால் பார்வையாளர் மாடம். அங்கே விழுந்தால் பெனால்டி இல்லாமல் பந்தை எடுத்து வேறிடத்தில் போட விதி அனுமதிக்கிறது. குறைவாகப் போய் ஓடையில் விழுந்தால்? ஒரு பெனால்டி, மூன்று ஆகிறது. நான்காவதில் கிரீன், இரண்டு பட், ஆறு. இந்த மூன்று வழக்கமான விளைவுகளிலும் கோப்பை தப்பிப் பிழைக்கிறது. வெட்ஜ் இன்னும் நல்ல தீர்மானம், மூன்று பட் எடுக்கும் வசதியைத் தருகிறது, சந்தேகமில்லை. ஆனால் 2 அயர்ன் பைத்தியக்காரத்தனம் அல்ல.

நடந்தது என்ன? பந்து மாடத்தை நோக்கித்தான் போனது. போய் அதன் இரும்புக் கைப்பிடியில் பட்டது. அங்கிருந்து திரும்பி, ஓடையின் கல் சுவர் மேல் பட்டு, மறுபடி எகிறி, ஏறக்குறைய 50 யார்டு பின்னால், ஓடையின் இந்தப் பக்கத்தில் முழங்கால் உயரப் புல்லுக்குள் போய்ப் புதைந்தது. கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சுமாரான தீர்மானம், கொடூரமான விளைவு.

மூன்றாவது அடி. இந்த ஹோலின் முழு எடையும் இங்கேதான் இருக்கிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நிலவரம் இது: இரண்டு அடி ஆகிவிட்டது, நான்கு மிச்சம். பந்து ஆழமான புல்லில். நேர் எதிரே ஓடை, அதற்கு அந்தப் பக்கம் கிரீன். முதல் வழி, பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தள்ளிவிடுவது. மூன்று. அங்கிருந்து ஓடைக்கு மேலாக ஒரு சின்ன வெட்ஜ், நான்கு. இரண்டு பட், ஆறு. இரண்டாவது வழி, நேரே கிரீனை நோக்கி. வெற்றி பெற்றால் மூன்றில் கிரீன், மூன்று பட் எடுக்கலாம். தவறினால் ஓடை, பெனால்டியோடு நான்கு, அடுத்த அடி ஐந்து, மிச்சம் ஒரே ஒரு பட்.

அதாவது, இரண்டாவது அடி வரைக்கும் ஓடை அவருக்கு ஒரு தொந்தரவு மட்டும்தான். மூன்றாவது அடியிலிருந்து அது கோப்பையையே எடுத்துக்கொள்ளும். ஓடை நகரவில்லை. மிச்சமிருந்த எண்ணிக்கை நகர்ந்துவிட்டது. நேரே அடித்து ஜெயித்தால் அவருக்குக் கிடைப்பது தேவையில்லாத ஓர் அடி. தோற்றால் போவது தேவையான ஓர் அடி. அவர் நேரே அடித்தார். புல் கிளப்பைச் சுற்றிக்கொண்டது, பந்து உயிரில்லாமல் எழும்பி ஓடையில் விழுந்தது.

முழங்கால் புல்லிலிருந்து பக்கவாட்டில் தள்ளுவதும் சுலபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பந்து எப்படிக் கிடந்தது என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் கொஞ்சம் அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் புல்லில் மாட்டிக்கொண்டு இன்னொருமுறை தள்ள வேண்டியிருப்பது ஓர் அடி நஷ்டம். தண்ணீரோ, ஓர் அடி நஷ்டத்தோடு மறுபடி அதே ஓடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற படம். பந்து ஆழமில்லாத நீருக்கடியில் தெரிகிறது. தண்ணீரோடு சேர்த்து அடித்துவிட்டால் நான்கில் கிரீன், இரண்டு பட், ஆறு. ஆசை வராமல் இருக்குமா? ஷூவைக் கழற்றி இறங்கினார். பார்த்தார். நின்றார். கூட்டம் சிரித்தது, கத்தியது. கடைசியில் வேண்டாம் என்று ஏறிவந்து பெனால்டியை ஏற்றுக்கொண்டார்.

அந்த ஹோலில் அவர் எடுத்த மிகச் சிறந்த தீர்மானம் இதுதான் என்பது என் கட்சி. கோடிக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஓடைக்குள் இறங்கிய பிறகு அடிக்காமல் ஏறி வருவதற்கு மனவலிமை வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்து, முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அந்த மாலையில் அவர் முதன்முறையாக நின்று யோசித்தது தண்ணீருக்குள்தான். அதைத்தான் உலகம் பைத்தியத்தின் படமாக வைத்துக்கொண்டது.

ஐந்தாவது அடி, டிராப் செய்த (பந்தை எடுத்து மறுபடி போட்ட) இடத்திலிருந்து, கிரீனுக்குப் பக்கத்துப் பங்கரில் (மணல் குழியில்) விழுந்தது. கூட ஆடிய கிரெய்க் பாரியின் பந்தும் அதே பங்கரில். பாரி முதலில் அடித்தார், பந்து நேரே குழிக்குள் போய்விட்டது. அதே மணலிலிருந்து அதே காரியத்தை வான் டி வெல்ட் செய்திருந்தால் ஆறு! ஆறாவது அடி குழிக்கு ஏழெட்டு அடி தூரத்தில் நின்றது.

ஏழாவது, பட். தவறினால் ப்ளேஆஃப்கூட இல்லை. எட்டடி தூரப் பட்டைத் தொழில்முறை வீரர்களே ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். கால் ஈரம் காயாத நிலையில், கோப்பை கையைவிட்டுப் போனதை உணர்ந்த பிறகு, அதை நடுக்குழியில் போட்டார். புத்தி பேதலித்தவருடைய பட்டா அது?

மனம் அமைதியாக இருந்தால் மட்டும் போதுமா

கோல்ஃபில் மன உறுதியைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் அமைதி, மூச்சு, நிதானம் என்றே பேசுகிறார்கள். தப்பில்லை. ஆனால் வான் டி வெல்ட் விஷயத்தில் அமைதிக்குக் குறையே இல்லை. ஆட்டம் முழுக்கப் புன்னகை, கை நடுக்கம் இல்லை, கடைசிப் பட் கச்சிதம். குறைந்தது, இந்த அடிக்கு என்ன தேவை என்ற கேள்வி. அமைதியான மனம் ஒரு காலிப் பாத்திரம் மாதிரி. அதில் சரியான கேள்வியைப் போட்டால்தான் பயன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால், 'எத்தனை மிச்சம், இதில் தவறினால் எத்தனை மிச்சமாகும்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மூன்றாவது அடியில் குரல் தானாகத் தடுமாறியிருக்கும். கேடி என்பவர் பை தூக்குவதோடு இதைச் சொல்வதற்கும்தான் பக்கத்தில் நடக்கிறார்.

இதற்கு நேர் எதிரான சம்பவமும் அதே ஹோலில், அதே ஓடையில், எட்டு ஆண்டு கழித்து நடந்தது. அமைதி முழுசாகப் போய்விட்டது, ஆனால் கோப்பை போகவில்லை.

2007 ஓப்பன். கடைசி நாளை ஆறு அடி பின்னால் தொடங்கிய அயர்லாந்தின் பாட்ரைக் ஹாரிங்டன், 18ஆவது டீக்கு வரும்போது ஓர் அடி முன்னிலை. டிரைவர் அடித்தார். பந்து ஓடையின் மேலிருந்த நடைபாலத்தில் தத்தித் தத்திப் போய்த் தண்ணீரில் விழுந்தது. டிராப். மூன்றாவது அடி, கிரீனுக்கு முன்னாலுள்ள ஓடையில் மறுபடி தண்ணீர். இந்த இடத்தில் ஓப்பனைத் தொலைத்துவிட்டோம் என்றே நினைத்ததாக ஹாரிங்டன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த அடி வரைக்கும் நடக்க வேண்டிய தூரம் முழுக்க அவருடைய கேடி ரோனன் ஃபிளட் பேசிக்கொண்டே வந்தார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. இப்போதைக்கு ஓர் அடி, அடுத்த அடி மட்டும் பார் என்ற வகையில் எல்லாரும் சொல்லும் தேய்ந்த வார்த்தைகள். கேடியின் பேச்சே எரிச்சலாக இருந்த இடத்திலிருந்து தொடங்கி, பந்திடம் போய்ச் சேரும்போது அதை நம்பவே ஆரம்பித்துவிட்டாராம். ஐந்தாவது அடியைக் குழிக்கு அருகில் நிறுத்தி, குட்டிப் பட்டைப் போட்டு ஆறில் முடித்தார்.

வான் டி வெல்டுக்குப் போதுமாக இருந்த அதே ஆறு! பின்னால் வந்த கார்சியா பார் எடுத்தால் ஜெயித்திருப்பார். பட் குழியின் விளிம்பில் சுழன்று வெளியேறியது, போகி, ப்ளேஆஃப்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருவது. ப்ளேஆஃபின் முதல் ஹோலிலேயே ஹாரிங்டனுக்கு இரண்டு அடி முன்னிலை கிடைத்தது. அதோடு 18ஆவது டீக்கு மறுபடி வந்தார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் இரண்டுமுறை விழுங்கிய அதே ஓடை. இந்தமுறை டிரைவரைத் தொடவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கமே நிறுத்தினார். அடுத்த அடியும் இந்தப் பக்கமே. மூன்றாவதில்தான் கிரீன். போகி எடுத்தார், ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். பார்க்க அழகான ஆட்டம் அல்ல. கடைசி ஹோலில் சாம்பியன் போகி எடுப்பதைக் கூட்டம் கைதட்டி ரசிப்பதும் இல்லை. ஆனால் இரண்டு அடி கையில் இருப்பவருக்கு ஐந்து போதும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, ஐந்து எடுத்தார்.

பின்வாங்கி ஆடுவது கோழைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு அதே 2007இல் இன்னொரு தகவல். மாஸ்டர்ஸ் என்ற மேஜர் போட்டியில் ஸாக் ஜான்சன் நான்கு நாளும் சேர்த்துப் பதினாறு பார் 5 ஹோல்கள் ஆடினார். ஒன்றில்கூட இரண்டாவது அடியில் கிரீனை எட்ட முயலவில்லை. எல்லாவற்றிலும் நடுவில் நிறுத்திவிட்டு வெட்ஜை நம்பினார். அந்தப் பதினாறில் மட்டும் பாருக்குக் கீழே 11. பட்டம் அவருக்கு. வெட்ஜ் நன்றாக அடிப்பவர் வெட்ஜ் தூரத்தில் பந்தை வைக்கிறார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் ஓப்பன் வென்ற டைகர் உட்ஸ், 72 ஹோல்களில் டிரைவரை ஒரே ஒருமுறைதான் பையிலிருந்து எடுத்தார். தரை காய்ந்து பந்து உருண்டுகொண்டே போனது. அயர்ன் அடித்தால் ஃபேர்வே பங்கர்களுக்கு இந்தப் பக்கமே நிற்கும். உலகிலேயே தொலைவாக அடிக்கக்கூடியவர்களில் ஒருவர் அந்த வாரம் தன் தூரத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

என்னைப் போன்ற வாரக்கடைசி ஆட்டக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு? நமக்கு ஓப்பன் இல்லை, ஓடைக்கு முன்னால் மூன்று அடி முன்னிலையும் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது அடி நமக்கு ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. மரத்துக்குப் பின்னால் பந்து, கிளைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி, அதற்கு அப்பால் கிரீன் தெரிகிறது. பத்து முறை அடித்தால் ஒருமுறை அதில் போகும். அந்த ஒருமுறையைத்தான் நாம் கண்ணுக்குள் பார்க்கிறோம். மற்ற ஒன்பது எங்கே போய் விழும் என்று பார்த்துவிட்டுக் கிளப்பை எடுப்பவர் ஏழில் முடிக்கிற ஹோலை ஐந்தில் முடிப்பார். இன்னொரு விஷயம்: மோசமான அடிக்கு அடுத்த அடிதான் பெரும்பாலும் ஸ்கோரைக் கெடுக்கிறது. போனதை மீட்க வேண்டும் என்ற அவசரம் கைக்கு வருவதற்குள் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, கோபத்தையோ வெட்கத்தையோ வழியிலேயே ஆறவிட வேண்டும். நான்கு மணி நேர ஆட்டத்தில் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மிச்சமெல்லாம் நடைதான்.

லாரி

1999ஐ வென்றவரைப் பற்றிப் பேசாமல் விட்டால் அவருக்கு வழக்கமாக நடக்கும் அநியாயத்தையே நானும் செய்ததாகிவிடும். பால் லாரி, கார்னூஸ்டிக்கு வடக்கே அபெர்டீன் ஊர்க்காரர். தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே வந்தார். கடைசி நாளை பத்து அடி பின்னால் தொடங்கினார். அந்த மைதானத்தில், அந்தக் காற்றில் 67 எடுத்தார். முன்னால் ஆடி முடித்துவிட்டதால், பின்னால் என்ன நடக்கிறது என்று காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பதும் ஒரு கலை. உடம்பு குளிர்ந்துவிடும், மனம் கனவு காணத் தொடங்கிவிடும்.

வான் டி வெல்ட், லெனர்ட், லாரி மூவரும் 290இல். நான்கு ஹோல் ப்ளேஆஃப், 15 முதல் 18 வரை. முதல் ஹோலில் வான் டி வெல்ட் டபுள் போகி, மற்ற இருவரும் போகி. அடுத்ததில் மூவரும் போகி. யாரும் நன்றாக ஆடவில்லை, நேர்மையாகச் சொன்னால். 17இல் லாரியும் வான் டி வெல்டும் பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு). 18இல் லாரி ஓர் அடி முன்னிலையோடு டீயில் நின்றார். டிரைவ் ஃபேர்வேயில் விழுந்தது. பிறகு 4 அயர்ன் எடுத்து, ஓடைக்கு மேலாக, குழிக்கு மிக அருகில் நிறுத்தினார். பேர்டி.

இது பின்வாங்கிய ஆட்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். லாரிக்கு இருந்தது ஓர் அடி முன்னிலைதான், எதிராளி இருவரும் உயிரோடு இருந்தார்கள், பந்து ஃபேர்வேயில் நல்ல தரையில் கிடந்தது. ஓடையைத் தாண்ட வேண்டிய கணக்கு அது, தாண்டினார். கணக்கு எப்போதும் 'பொறுத்திரு' என்றே சொல்லாது.

இருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஓப்பன் தோற்றவரின் பெயரில்தான் நினைவிருக்கிறது. வான் டி வெல்ட் அதற்காக முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டு குளிர்காலத்தில் கார்னூஸ்டிக்குத் திரும்பிப் போய், அதே பதினெட்டாவது ஹோலைப் பட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு டீயிலிருந்து கிரீன் வரை ஆடிப் பார்த்தார். முதல் இரண்டு முயற்சியில் சரிவரவில்லை. மூன்றாவதில் ஆறு.